காலுறைக்குள் ஒரு கல்

கில்காரன் என்ற சிற்றூரின் வரலாற்றுச் சங்கத்தில் அதுவரை நடந்த பெரிய சண்டை, கல்லறைக் கற்களில் படிந்த பாசியைக் கம்பித் தூரிகை போட்டுத் தேய்க்கலாமா கூடாதா என்பதுதான். அதில் கோபித்துக்கொண்டு இரண்டு பேர் சங்கத்தை விட்டே போனார்கள். மற்றபடி சங்கம் பரம சாது. மாதம் ஒரு கூட்டம். தேவாலயக் கூடத்தில் தேநீரும் பிஸ்கட்டும் கொடுப்பார்கள். யாராவது எழுந்து பழைய வெண்ணெய்ப் பண்ணையைப் பற்றியோ இடிந்த மாவு ஆலையைப் பற்றியோ படம் காட்டிப் பேசுவார்கள். முன்வரிசை தூங்கும். வருஷத்துக்கு ஒரு மலர் வெளிவரும், அதில் யாருடைய கொள்ளுத்தாத்தா பெயராவது தப்பாக அச்சாகியிருக்கும்.

சந்தைத் திடல் சண்டையை நடித்துக் காட்டலாம் என்ற யோசனை செயலாளர் அசம்ப்டா டினீனுடையது. 1834இல், ஆகஸ்டு மாதாகோயில் திருநாள் சந்தையில், ஹார்ட்டி கோஷ்டியும் டினீன் கோஷ்டியும் கருமுள் மரத் தடிகளோடு மோதி ஆறு பேர் செத்துப்போனார்கள். எதற்காக மோதினார்கள் என்பது செத்தவர்களுக்கே தெரிந்திருக்குமா என்பது சந்தேகம். அசம்ப்டா நாலு வருஷம் அதையே பிடித்துக்கொண்டு உழைத்து, மலரில் பெரிய கட்டுரை எழுதினாள். சண்டைக்கு ஆள் கூப்பிடுகிறவன் கோட்டைக் கழற்றித் தரையில் இழுத்துக்கொண்டே நடப்பான், அதை எவன் மிதிக்கிறானோ அவன் மோதத் தயார் என்று அர்த்தம். தடியின் நுனியைக் குடைந்து ஈயம் காய்ச்சி ஊற்றுவார்கள். பெண்கள் காலுறைக்குள் கல்லைப் போட்டுச் சுழற்றிக்கொண்டு வருவார்கள், அவர்களை எந்த ஆணும் திருப்பி அடிக்க மாட்டான். இதையெல்லாம் அவள் ரசித்து ரசித்து எழுதியிருந்தாள். ரத்தம் காய்ந்து அத்தனை காலமான பிறகு ரசிப்பதில் என்ன கஷ்டம்.

அந்த நாலு வருஷத்தின் நடுவில்தான் மாஸி ஹார்ட்டி அவள் கணவன் டோனலின் மண்டையை உடைத்தான். ஒரு சந்து வழியில் யார் இரும்புக் கேட் போடுவது என்ற வழக்கு. மாட்டுச் சந்தைக்குப் பின்புறம், வேலி போடும் கட்டையால் அடித்தான். "அவன்தான் முதல்ல கை ஓங்கினான், தடுக்கப் போய் என் கை தவறிடுச்சு" என்று நீதிமன்றத்தில் சொன்னான். பார்த்தவர்கள் யாரும் வாய் திறக்கவில்லை. நீதிபதி தண்டனையை நிறுத்திவைத்து அவனை வீட்டுக்கு அனுப்பினார். டோனலும் வீட்டுக்கு வந்தான், சக்கர நாற்காலியில். வலது பக்கம் விழுந்துவிட்டது. பேச்சில் மிஞ்சியது "ஆமா" என்ற ஒரே சொல். முட்டை வேண்டுமா என்றாலும் ஆமா, வலிக்கிறதா என்றாலும் ஆமா, மழை பெய்தாலும் ஆமா.

இத்தனைக்குப் பிறகும் மாஸியை அந்த நாடகத்தில் எப்படிச் சேர்த்தார்கள் என்று வெளியூர்க்காரர்கள் கேட்பார்கள். பழைய சந்தைத் திடல் இப்போது மாஸியின் மேய்ச்சல் நிலம். அன்று செத்த ஆறு பேருடைய பெயர் பொறித்த கல்லையும் அவன்தான் வாங்கித் தந்தான். ஊரில் நல்ல பெயர் வாங்க அவனுக்கும் ஒரு வழி வேண்டியிருந்தது. சங்கத் தலைவர் ஷீடிக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை.

"நெஜமான ஹார்ட்டி, நெஜமான டினீன். கடைசியில ரெண்டு பேரும் கல்லுக்கு முன்னாடி கை குலுக்கறாங்க. பேப்பர்காரன் வருவான்மா அசம்ப்டா. ஊருக்கே ஒரு மருந்து மாதிரி."

"மருந்து குடிக்கறது நாங்க. ஊருக்கு என்ன?" என்றாள் அசம்ப்டா.

ஆனாலும் மறுக்கவில்லை. மறுத்தால் அவளுக்கு மன்னிக்கத் தெரியவில்லை என்று ஊர் பேசும். அடித்தவனை ஒன்றும் சொல்லாத ஊர் அது, அடி வாங்கியவன் மனைவியைக் கண்டிப்பாகச் சொல்லும். அவள் மகன் ஃபீக்ரா, தச்சு வேலை பார்க்கிறவன், டினீன் தலைவனாக நான் நிற்கிறேன் என்று தானே வந்து சொன்னான். பையன் மனசு ஆறிவிட்டது என்று அவள் சந்தோஷப்பட்டாள். அந்தச் சந்தோஷத்தை நினைத்தால் பிற்பாடு அவளுக்கு உடம்பு கூசியது.

நாடகம் வைத்திருந்த மாதா திருநாளன்று காலையில் டோனலுக்கு முட்டை அவிக்கச் சின்னப் பாத்திரத்தைத் தேடினாள். அலமாரியில் இல்லை. கொட்டகையில், ஃபீக்ராவின் மரவேலை மேஜைக்கு அடியில் கிடந்தது. அடியில் வெள்ளியும் சாம்பலுமாக ஏதோ உறைந்து ஒட்டியிருந்தது. பக்கத்தில், கூரை ஓட்டு இடுக்கில் அடிக்கிற ஈயத் தகடு சுருளாக, ஒரு முனை வெட்டி எடுக்கப்பட்டு. மேஜையின் மேல் கருமுள் மரத்தூள்.

அவளுக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. எப்படிச் செய்வது என்று எழுதியவளே அவள்தானே.

ஃபீக்ரா விடிந்ததுமே திடலுக்குப் போய்விட்டான். போன் அடித்தால் எடுக்கவில்லை. டோனலைக் காரில் ஏற்றிக்கொண்டு அவள் போய்ச் சேர்ந்தபோது கூட்டம் கூடிவிட்டது. ஒரு பக்கம் பொரித்த உருளைக்கிழங்கு வண்டி, ஒரு பக்கம் துணி மூடிய கல், நடுவே ஒலிபெருக்கியில் ஷீடி ஊர்ப் பெருமையை அளந்துகொண்டிருந்தார். சங்கத்துத் தடிகள் எல்லாம் தண்ணீர்க் குழாய்க்குச் சுற்றுகிற நுரைப்பஞ்சில் செய்து கறுப்பு பூசியவை. சின்னப் பிள்ளைகள் அதை எடுத்து ஒருவரையொருவர் மொத்திக்கொண்டிருந்தார்கள்.

ஃபீக்ரா கூடாரத்துக்குப் பின்னால் பழங்காலச் சட்டையில் நின்றிருந்தான். அவன் கையில் இருந்த தடியின் நுனி கீழ்நோக்கியே இருந்தது, கனம் அப்படி.

"அதைக் குடு" என்றாள்.

"எதை?"

"என் பாத்திரத்துல காய்ச்சினியே, அதை."

அவன் சிரிக்கவில்லை. "நீதானேம்மா எழுதுன. எந்தப் பக்கம் குடையணும், எவ்வளவு ஊத்தணும்னு."

"டேய், அது செத்துப்போன ஆளுங்களைப் பத்தி."

"அப்பாவும் பாதி செத்த ஆளுதான். பாரும்மா, எல்லாரும் பாத்துக்கிட்டு இருப்பாங்க, யாரும் எதையும் பாக்க மாட்டாங்க. நடிப்புல கை தவறிடுச்சுன்னு சொல்லப்போறேன். அவனுக்குச் செல்லுபடியான பேச்சு எனக்குச் செல்லாதா?"

"ஜெயிலுக்குப் போவ."

"போறேன்."

தடியைப் பிடித்து இழுத்தாள். அவன் அவளை மெல்ல ஒதுக்கிவிட்டு நடந்தான். குழந்தையில் காய்ச்சல் வந்தால் அவள் நெஞ்சின் மேலேயே தூங்குகிறவன், இன்று அவளை நாற்காலியை நகர்த்துவது மாதிரி நகர்த்தினான்.

வேலி ஓரத்தில் இளம் போலீஸ்காரர் ஒருவர் ஐஸ்கிரீம் தின்றுகொண்டு நின்றார். அசம்ப்டா அவரை நோக்கிப் போனாள், பாதியில் நின்றாள். சொன்னால் என்ன ஆகும்? இத்தனை பேர் முன்னால் மகனை விலங்கு மாட்டிக் கூட்டிப்போவார்கள். சில மாதத்தில் வெளியே வருவான். அப்புறம் ஏதாவது சந்தில், தடுக்க ஒரு ஆள்கூட இல்லாத இடத்தில், தொடங்கியதை முடிப்பான். அவன் பிடிவாதம் யாரிடமிருந்து வந்தது என்று அவளுக்குத் தெரியும்.

பறை மாதிரியான கைத்தோற்கருவி ஒலிக்க ஆரம்பித்தது. அவளுக்கும் நாடகத்தில் வேஷம் உண்டு, டினீன் பெண்களில் ஒருத்தி. இடுப்பில் செருகியிருந்த கம்பளிக் காலுறைக்குள் ஒரு பஞ்சுருண்டை இருந்தது. அதை எடுத்துப் போட்டாள். வேலிச் சுவரிலிருந்து கைக்கு அடக்கமான ஒரு கல்லைப் பெயர்த்து உள்ளே போட்டு, மேலே முடிச்சுப் போட்டாள். யாருக்காகப் போட்டாள் என்று அப்போது கேட்டிருந்தால் அவளால் சொல்லியிருக்க முடியாது.

மாஸி ஹார்ட்டி கோட்டைக் கழற்றினான். கட்டை குட்டையான ஆள், கழுத்து சிவந்திருந்தது. கோட்டைப் புல்லில் இழுத்துக்கொண்டு கூட்டத்தைச் சுற்றி வந்தான்.

"டினீன் வீட்டுல ஆம்பளை எவனாவது இருந்தா வந்து இந்தக் கோட்டை மிதிங்கடா."

அதுவரை அவள் எழுதிக் கொடுத்த வசனம். அவன் வாய் சும்மா இருக்கவில்லை. சக்கர நாற்காலிப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு, சொந்தமாக ஒன்று சேர்த்தான்.

"இல்ல, எல்லாரும் ஒக்காந்துட்டீங்களா?"

வெளியூர்க்காரர்கள் சிரித்தார்கள். உள்ளூர்க்காரர்கள் சிலரும் சிரித்துவிட்டு, நாக்கைக் கடித்துக்கொண்டார்கள். அசம்ப்டா காலுறையின் முடிச்சை இறுக்கிப் பிடித்தாள். அந்த நிமிஷத்தில் அவளுக்கு அவன் சாக வேண்டும். சும்மா அல்ல, வலித்துச் சாக வேண்டும். கல்லின் கனம் உள்ளங்கையில் இனித்தது.

ஃபீக்ரா வந்து கோட்டை மிதித்தான்.

இரண்டு கோஷ்டியும் கூச்சல் போட்டுக்கொண்டு மோதின. நுரைத்தடிகள் தொப்பு தொப்பென்று விழுந்தன, சனம் கைதட்டியது. ஃபீக்ரா யாரையும் பார்க்கவில்லை, நேராக மாஸியிடம் போனான். முதல் அடியில் மாஸியின் நுரைத்தடி இரண்டாகப் பிய்ந்து பறந்தது. மாஸிக்கு அப்போதே விளங்கிவிட்டது. சிரிப்பு முகத்திலேயே உறைந்து நின்றது. "ஏய், ஏய்" என்று பின்வாங்கினான். இரண்டாவது அடி தோளில் இறங்கியது. தோள்பட்டை எலும்பு உடைந்த சத்தம் பக்கத்தில் நின்றவர்களுக்குக் கேட்டிருக்கும், ஆனால் அவர்கள் கத்திக்கொண்டிருந்தார்கள். எலும்பின் முனை சட்டைக்கு அடியில் துருத்தி, வெள்ளைத் துணி சிவந்தது. மாஸி முழங்காலில் விழுந்தான். தொப்பி கழன்று உருண்டது.

"ரத்தம் பாருடா, என்னமா செட்டப் பண்ணியிருக்காங்க" என்று யாரோ சொன்னார்கள்.

ஃபீக்ரா இரண்டு கையாலும் தடியைத் தலைக்கு மேல் தூக்கினான்.

அசம்ப்டா அதற்குள் அவர்களுக்கு எட்டும் தூரத்துக்கு வந்துவிட்டாள். அவளுக்கு முன்னால் மாஸியின் வழுக்கை மண்டை, வியர்த்து, நீல நரம்பு புடைத்து. அதற்கு மேலே மகனின் கை. காலுறையை ஒரு சுற்றுச் சுற்றினாள். எதை அடிக்கப்போகிறோம் என்பதை அவள் முடிவு செய்தது அந்தச் சுற்றுக்குள்தான். முழு பலத்தோடு அடித்தாள். பாதி பலத்தில் அடித்தால் அவன் தடியை விட மாட்டான் என்று தெரியும்.

கல் மகனின் முன்கையில் விழுந்தது. காய்ந்த விறகு முறிகிற சத்தம். கை இருக்கக் கூடாத இடத்தில் மடங்கியது. தடி மாஸியின் காதோரமாக இறங்கித் தரையில் விழுந்து, துள்ளாமல், மண்ணில் புதைந்து நின்றது. ஃபீக்ரா அலறினான். அந்த அலறலை அவள் முதலும் கடைசியுமாக அப்போதுதான் கேட்டாள், இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

சனம் எழுந்து நின்று கைதட்டியது.

ஒலிபெருக்கியில் ஷீடி குதூகலித்தார்: "பாருங்கள், பெண்களும் சளைத்தவர்கள் அல்ல. காலுறைக்குள் கல்லைக் கட்டி அவர்களும் களத்தில் இறங்கினார்கள்."

மாஸி நல்ல கையை ஊன்றித் தவழ்ந்து தடியைத் தொட்டான், நகர்த்திப் பார்த்தான். அது எவ்வளவு கனம் என்று தெரிந்ததும் கையை எடுத்துவிட்டான். அண்ணாந்து அவளைப் பார்த்தான். இரண்டு பேரும் ஒரே பள்ளிக்கூடம், ஒரே வகுப்பு.

"அசம்ப்டா... நீ மட்டும் வரலேன்னா..."

"ஒனக்காக வரல" என்றாள்.

காலுறை இன்னும் அவள் கையில் ஆடிக்கொண்டிருந்தது. அவன் அதையே பார்த்தான். உட்கார்ந்தபடியே பின்னால் நகர்ந்து நகர்ந்து, தன் கோட்டின் மேலேயே போய்ச் சரிந்தான். அவன் கண்ணில் பயம் இருந்தது. நீதிமன்றத்தில் ஒரு தடவையாவது அதைப் பார்க்க மாட்டோமா என்று அவள் ஏங்கியிருக்கிறாள். இப்போது பார்த்தாள், அதனால் ஒன்றும் ஆகவில்லை.

கைதட்டல் மெல்லத் தேய்ந்தது. கல்லை மூடிய துணியைக் காற்று தானே தள்ளிவிட்டது, யாரும் கவனிக்கவில்லை. போலீஸ்காரர் வேலியைத் தாண்டி ஓடிவந்தார். மண்ணில் நின்ற தடியையும் ரத்தத்தையும் மாறிமாறிப் பார்த்தார்.

"என்ன ஆச்சு இங்க? யாரு அடிச்சது?"

ஃபீக்ரா பல்லைக் கடித்துக்கொண்டு நிமிர்ந்தான், சொல்லிவிடத்தான். மாஸி முந்திக்கொண்டான். வேண்டுமென்று அடித்தான் என்றால் எதற்கு அடித்தான் என்று கேட்பார்கள், மாட்டுச் சந்தைப் பின்புறத்துக் கதை மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்கும்.

"ஒண்ணுமில்ல சார்" என்றான், வலியில் கண்ணை மூடிக்கொண்டு. "நடிப்புதான். கை தவறிடுச்சு."

போலீஸ்காரர் சுற்றி நின்றவர்களைக் கேட்டார். யாரும் எதையும் பார்க்கவில்லை. கில்காரனில் எப்போதும் அப்படித்தான்.

மாஸியை ஆம்புலன்ஸ் ஏற்றிக்கொண்டு போயிற்று. அதில் அவனோடு போக மாட்டேன் என்று ஃபீக்ரா சொல்லிவிட்டான். அசம்ப்டா அவன் கையை இரண்டு பலகைத் துண்டுக்கு நடுவே வைத்து, காலுறையிலிருந்து கல்லை உதறிவிட்டு அந்தக் காலுறையாலேயே கட்டினாள். அவனை முன்னிருக்கையிலும் டோனலைப் பின்னிருக்கையிலும் ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓட்டினாள். சாலையில் பள்ளம் வரும்போதெல்லாம் ஃபீக்ரா முனகினான். அவள் முகத்தைப் பார்க்கவில்லை, சன்னல் பக்கமே திரும்பி அழுதுகொண்டு வந்தான்.

"நீ யாரு பக்கம்மா?" என்றான் கடைசியில்.

"ஒன் பக்கம்."

"என் கையை ஒடச்சிட்ட."

"சேந்துடும்டா. கட்டுப் போட்டா சேந்துடும். நீ வீட்டுல இருப்ப, அது போதும் எனக்கு."

கொஞ்ச தூரம் வண்டி ஓடியது. இரண்டு பக்கமும் கருமுள் வேலி, அதில் காய் பிடித்திருந்தது.

"அப்பாவுக்கு?" என்றான் அவன். "அப்பாவுக்கு எப்பச் சேரும்?"

கண்ணாடியில் பின்னிருக்கை தெரிந்தது. டோனல் நல்ல கையை நீட்டி, முன்னிருக்கையில் இருந்த மகனின் தலைமுடியைத் தடவிக்கொண்டிருந்தான்.

"ஆமா" என்றான்.