மூன்று வருடம் அவிழாத முடிச்சு

புத்தளத்துக்கு ரயில் வந்த வருடம் மாசி மாதம் தொடங்கி, மாம்புரிக் கடலில் இருந்த அத்தனை சுறாக்களின் வாயும் கட்டுப்பட்டுக் கிடந்தது. கட்டியவர் மரியநாயகம். அதுதான் அவருடைய தொழில். கடல்கட்டி என்று அவரைச் சொல்வார்கள். சிப்பி எடுக்கும் பருவத்தில் விடியக் கரையில் குந்தியிருந்து, பனைநார்க் கயிற்றில் செபம் சொல்லி ஒரு முடிச்சுப் போடுவார். சுறாக்களின் வாய் இறுகும், சுழியோடிகள் பயமில்லாமல் இறங்குவார்கள். பொழுது சாயும்போது முடிச்சை அவிழ்த்துவிட வேண்டும். சுறாவுக்கும் வயிறு இருக்கிறது என்பது கடல்கட்டிகள் பரம்பரையாக வைத்திருந்த நியாயம்.

அந்த மாசியில் ஒருநாள் மாலையும் அவர் நேரம் தப்பாமல்தான் அவிழ்த்தார். கூடையில் இன்னும் கொஞ்சம் இடம் இருக்கிறதே என்று அவருடைய மூத்த மகன் நிக்கொலஸ் கடைசியாக ஒரு தடவை மூழ்கியிருந்தது அவருக்குத் தெரியாது. தோணியிலிருந்து கூடைக் கயிற்றை இழுத்தபோது கூடை மட்டும் வந்தது, நிறையச் சிப்பியோடு. மறுநாள் விடிய மரியநாயகம் வழக்கம்போல முடிச்சுப் போட்டார். பொழுது சாய்ந்தது, அவிழ்க்கவில்லை. கயிற்றைத் தகரப் பெட்டியில் வைத்துப் பூட்டித் திறப்பை மடியில் கட்டிக்கொண்டார்.

"பட்டினி கிடந்து சாகட்டும். அவிழ்க்கச் சொல்லி இந்த வீட்டில ஒருத்தரும் கதைக்கக் கூடாது" என்றார். அவருடைய மனைவி மார்த்தா கதைக்கவில்லை. பெற்ற வயிறு, அவளுக்கும் அதுதான் ஆசை.

சுறாக்கள் சாகத் தவக்காலம் முழுவதும் எடுத்தது. தாடை இறுகி, தோல் தொங்கி, ஒவ்வொன்றாகக் கரையில் ஒதுங்கின. ஊர் அவற்றை அறுத்துக் கருவாடு போட்டு, மரியநாயகத்தைத் தலையில் வைத்துக் கொண்டாடியது. திருக்கைகளும் கொண்டாடியிருக்கும், அவற்றைத் தின்ன இனி ஆளில்லை. இரண்டாம் வருடம் கடலின் அடியில் பாய் விரித்தது மாதிரித் திருக்கை கிடந்தது. அவை சிப்பிகளைக் கடித்து நொறுக்கித் தீர்த்தன. தண்ணீரை உறிஞ்சி வடித்துக்கொண்டிருந்தவை அந்தச் சிப்பிகள்தான் என்று அதுவரை யாரும் நினைத்துப் பார்க்கவில்லை. கடல் அரிசி கழுவிய தண்ணீராகக் கலங்கியது. வெயில் அடியைத் தொடாமல் கடற்புல் அழுகியது. புல்லுக்குள் ஒளிந்து வளர்ந்த இறாலும் மீன்குஞ்சும் போயின, அவற்றைத் தேடி வந்த மீன்களும் போயின. மூன்றாம் வருடம் வலையில் சேறும், தோலும் முள்ளுமாய் மெலிந்த திருக்கையும்தான் ஏறின. அந்த வருடம் மாம்புரியில் பதினொரு குழந்தைகளைப் புதைத்தார்கள்.

சிப்பித் தோணிகளுக்குச் சொந்தக்காரரான மீராசாஹிப் ஒருநாள் மையவாடியிலிருந்து நேரே மரியநாயகத்தின் வாசலுக்கு வந்தார்.

"ரெண்டு பேரப்புள்ளயளையும் அடக்கிட்டு வாறன், மரியநாயகம். சுறா எல்லாம் செத்துப் போச்சு. இன்னும் ஆரக் கட்டி வெச்சிரிக்கீங்க?"

மரியநாயகம் மடியிலிருந்த திறப்பை எடுத்தார். பெட்டியைத் திறந்து முடிச்சை அவிழ்த்தார்.

மூன்று வருடப் பசி வெளியே வந்தது. அதை வாங்கிக்கொள்ளக் கடலில் ஒரு சுறாவும் மிச்சமில்லை. பக்கத்தில் திறந்திருந்தது ஒரே ஒரு வாய், அடுப்படியில் கஞ்சி குடித்துக்கொண்டிருந்த பதினாறு வயது மகள் யூஜீனியாவின் வாய். அவள் கஞ்சிப் பானையை முடித்தாள், பச்சையரிசியை முடித்தாள். "அப்பா, பசிக்குது" என்றாள். பின்னேரத்துக்குள் பல்வரிசைக்குப் பின்னால் இன்னொரு பல்வரிசை முளைத்தது. அவள் எழுந்து கடலுக்குள் நடந்துபோனாள். மரியநாயகம் இடுப்பளவு தண்ணீரில் நின்று தொண்டை கிழியக் கூப்பிட்டார். அவள் திருக்கை தின்றுகொண்டிருந்தாள்.

திருக்கை குறைந்தது. குஞ்சுச் சிப்பிகள் பாறையில் ஒட்டின, தண்ணீர் தெளிந்தது, புல் எழுந்தது, இறால் வந்தது, வலை கனத்தது. மகளைத் திருப்பித் தரும்படி கேட்க மார்த்தா மெழுகுதிரியோடு தலவில அன்னம்மாள் கோயிலுக்கு நடந்தாள். ஊர்ப் பெண்கள் வழியில் மறித்தார்கள்.

"உங்கட பிள்ளை திரும்பி வந்திட்டா எங்கட பிள்ளையளுக்கு ஆர் அக்கா சோறு போடுறது?" என்று கேட்டாள் றோசமேரி. அவள் இரண்டு குழந்தைகளைப் புதைத்தவள். மெழுகுதிரியைப் பிடுங்கி, மார்த்தாவைக் கையைப் பிடித்து வீடுவரை கொண்டுவந்து விட்டார்கள். அதைப் பாவம் என்று ஊரில் ஒருவரும் சொல்லவில்லை.

ஆறாம் வருடம் சிப்பி முற்றியது. இறங்கச் சுழியோடிகளுக்குப் பயம், கடலில் யூஜீனியா இருக்கிறாள். மரியநாயகத்தைக் கூப்பிட்டார்கள். அவர் விடியக் கரையில் குந்தியிருந்து மகளின் வாயைக் கட்டினார். பருவம் முழுவதும் கட்டினார், அடுத்தடுத்த பருவங்களிலும் கட்டினார். பகலெல்லாம் அவள் வாய் இறுகியபடி கரையோரம் நின்று அவரைப் பார்த்துக்கொண்டிருப்பாள். பொழுது சாயும்போது அவர் கரையேறியவர்களை இரண்டு தடவை எண்ணிப்பார்த்து முடிச்சை அவிழ்ப்பார். ஒருநாளும் பிந்தியதில்லை.

"அப்பா, பசிக்குது" என்பாள்.

"போய்ச் சாப்பிடு, மகள்" என்பார்.