இணைச்சீருக்குப் போன வண்டி

என் வீட்டுக்காரர் கந்தப்பனுக்குச் சிறுவாணித் தண்ணீர் என்றால் அப்படியொரு பெருமை. காப்பி மணப்பதற்கு அதுதான் காரணம், மகளுக்கு முடி நீளமாக வளர்ந்ததற்கும் அதுதான். காரின் ரேடியேட்டருக்கும் அதையேதான் ஊற்றுவார். எங்கோ கசிவு இருப்பது வடவள்ளியில் எங்கள் தெருவுக்கே தெரியும். வண்டி நிற்கிற இடத்தில் தினமும் பச்சையாக ஒரு திட்டு கிடக்கும். போகப் போக அந்தக் கூலன்ட் பச்சை மறைந்து துருநிறமானது.

"கூலன்ட் எல்லாம் உப்புத்தண்ணிக்காரனுக்கு அம்மணி. நமக்கெதுக்கு?" என்பார். நானும் விட்டுவிட்டேன்.

என் தம்பி மதன்குமார் கல்யாணத்துக்கு முதல்நாள் அந்த வண்டியில்தான் கிளம்பினோம். அன்று மாலை ஆறு மணிக்கு இணைச்சீர். மாப்பிள்ளையின் உடன்பிறந்தவள் அவன் பக்கத்தில் உட்கார்ந்து, கூறைச்சேலையின் ஒரு முனையை அவனும் மறுமுனையை அவளுமாகப் பிடிக்கிற சீர். அம்மா போனபோது அவனுக்கு ஒன்பது வயது, எனக்குப் பதினெட்டு. அதற்குப் பிறகு அவனுக்குத் தலை துவட்டிவிட்டது நான், பள்ளிக்கூடத்தில் கையெழுத்துப் போட்டது நான். அந்தச் சேலை முனையைப் பிடிக்க இருபத்தைந்து வருஷமாகக் காத்திருந்தேன். காலையிலேயே போகலாம் என்றால், தன் பட்டறையை மதியம்வரை விட முடியாது என்றார் அவர். கிளம்பிய அவசரத்தில் என் போன் வீட்டிலேயே சார்ஜில் நின்றுவிட்டது.

கிணத்துக்கடவு தாண்டியதும் இன்ஜின் சூட்டைக் காட்டும் முள் சிவப்புக்கு ஏறியது. பானெட் இடுக்கில் புகை. ஐந்தேகால் மணி. மண்டபத்துக்கு இன்னும் பதினைந்து கிலோமீட்டர். நான்கு வழிச்சாலையில் பஸ்கள் நிற்காமல் பறந்தன.

"மதனுக்குப் போன் போட்டு ஒரு வண்டி அனுப்பச் சொல்லுங்க" என்றேன்.

போனை எடுத்துக்கொண்டு தென்னந்தோப்பு வேலி ஓரமாகப் போய்ப் பேசிவிட்டு வந்தார். "சொல்லியாச்சு. பொறுத்துக்குவாங்க. சீர் நேரத்துல அவிங்களப் போயி வண்டிக்கு அலைய வெக்கறதா?"

எனக்குப் பொங்கிக்கொண்டு வந்தது. இருந்தாலும் நான் வரும்வரை பொறுத்துக்கொள்வார்கள் என்ற வார்த்தையை நம்பினேன். நம்பாமல் என்ன செய்வது?

பக்கத்து ஒர்க்‌ஷாப்பிலிருந்து பைக்கில் ஒரு மெக்கானிக் வந்தார். தமிழ்வேந்தன் என்று பெயர் சொன்னார், முப்பது வயது இருக்கும். ரேடியேட்டர் மூடியில் கை வைக்கப்போன என் வீட்டுக்காரரைத் தடுத்தார். "இப்பத் தொறந்தா மூஞ்சி வெந்துபோயிருமுங்க. ஆறட்டும்." பிறகு டார்ச் அடித்துப் பார்த்தார். "ஹோஸ் கிழிஞ்சிருக்குதுங்க. உள்ள பூராத் துரு. கூலன்ட் ஊத்தி எத்தன மாசமாச்சுங்க?"

"சிறுவாணித் தண்ணியப்பா!" என்றார் இவர்.

"சிறுவாணி குடிக்கறதுக்குங்க" என்றார் தமிழ்வேந்தன். என் மடியில் இருந்த சீர்க்கூடையைப் பார்த்துவிட்டு விசாரித்தார். விஷயம் தெரிந்ததும் பைக் சாவியை எடுத்தார். "இது முடிய ஒன்றரை மணி நேரம் ஆகுமுங்க. அக்காவ நா மண்டபத்துல உட்டுப்போட்டு முக்கா மணி நேரத்துல வாரேனுங்க."

நான் கூடையோடு எழுந்துவிட்டேன். இவர் கேட்டார், "தம்பிக்கு எந்த ஊரு? ஊருக்குள்ளயா?"

"காலனிங்க" என்றார் தமிழ்வேந்தன், சாவியைப் பார்த்துக்கொண்டே.

"வேண்டாந் தம்பி. நீ வண்டிய மட்டும் பாரு."

நான் உட்கார்ந்துவிட்டேன். அவர் தடுத்ததால்தான் உட்கார்ந்தேன் என்று சொன்னால் அது பொய். மண்டபத்து வாசலில் சொந்தக்காரர்கள் பார்க்க அந்த பைக்கிலிருந்து இறங்குவதை நானும் ஒரு நொடி நினைத்துப் பார்த்தேன். அந்த ஒரு நொடிக்காக இன்றைக்கும் என்மேல் எனக்கு ஆத்திரம் தீரவில்லை. தமிழ்வேந்தன் சாவியைச் சட்டைப்பைக்குள் போட்டுவிட்டுக் குனிந்து ஹோஸைக் கழற்றத் தொடங்கினார்.

மண்டபத்துக்குள் நுழையும்போது ஏழரை. மேடையில் என் சித்தப்பா மகள் அக்‌ஷயா கூறைச்சேலையை மடித்துக்கொண்டிருந்தாள். எல்லாம் முடிந்திருந்தது. சொந்தங்கள் என்னைப் பார்த்துவிட்டு ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

மதன் இறங்கி வந்தான். கண் சிவந்திருந்தது.

"நானே கார் எடுத்துட்டு வாரேன்னு சொன்னேனுங்க அக்கா. மச்சான்தான் வேண்டான்னாரு. உங்களுக்கு முடியல, அக்‌ஷயாவ உக்கார வெச்சு முடிக்கச் சொல்லி நீங்களே சொல்லீட்டீங்கன்னாரு." குரல் இறங்கியது. "நெசமா நீங்க சொன்னீங்களாக்கா?"

வேலி ஓரமாகப் போய்ப் பேசியது இதைத்தான். மெக்கானிக் வருவதற்கு முன்பே என் சீரை முடித்துவிட்டிருக்கிறார். திரும்பிப் பார்த்தேன். வாசலில் யாரிடமோ சிரித்துச் சிரித்து ரேடியேட்டர் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார். அப்போது அந்த மனுஷனை நான் வெறுத்தேன். இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், மதன் அவர் சட்டையைப் பிடித்திருப்பான். விடிந்தால் அவனுக்குத் தாலி கட்டு.

"ஆமாங் கண்ணு" என்றேன். "நாந்தான் சொல்லச் சொன்னேன்."

அவன் நான் நீட்டிய கூடையை வாங்காமலேயே மேடைக்குத் திரும்பிப் போனான்.