அடிமண்டி

கொட்டாஞ்சேனை ஹியூபேட்டின் கண்ணீர் ஜேர்மன் கோதுமை பியராக மாறியது எழுபத்தெட்டில், காலையில் தின்கிற பாணின் விலை ஏறிய மாதத்தில். ஊர் பாண் விலையைப் பற்றித்தான் அதிகம் கதைத்தது.

துறைமுகத்துக்குப் பக்கத்தில் நாகேந்திரம் முதலாளி நடத்திய பாரில் ஹியூபேட் பரிமாறிக்கொண்டிருந்தார். ஒரு ஜேர்மன் கப்டன் தன் கப்பலிலிருந்து ஒரு பெட்டி கோதுமை பியர் கொண்டுவந்து, ஊற்றித் தரச் சொன்னான். ஹியூபேட் கிளாஸைச் சரித்துப் பிடித்து, நுரை பொங்காமல் தெளிவாக ஊற்றினார். அடியில் நின்ற மண்டியைத் தொட்டியில் கொட்டினார். கலங்கின பியரை வைத்தால், பழுதாய்ப்போனது என்று முகத்தில் ஊற்றுகிற ஆட்களுக்குப் பரிமாறிப் பழகிய கை அது. கப்டனுக்கோ மண்டிதான் உயிர். கடைசி வாயை ஆட்டிக் கலக்கி ஊற்றவேண்டுமாம். ஹியூபேட்டை முழங்காலில் நிறுத்தி, பெட்டியிலிருந்த போத்தல் எல்லாவற்றின் மண்டியையும் குடிக்கவைத்தான். போத்தல்களைத் திறந்து கொடுத்தவர் நாகேந்திரந்தான். அவமானம் தாங்காமல் ஹியூபேட் அழுதார். கன்னத்தில் வழிந்தது நுரைத்தது. முதலாளி விரலால் தொட்டு நக்கிப் பார்த்தார். வாழைப்பழ வாசம், முடிவில் கொஞ்சம் கராம்பு.

அதன்பிறகு பின்னேரங்களில் ஹியூபேட்டை அழவைப்பதே வியாபாரமாயிற்று. அம்மா செத்துப்போனா என்று முதலில் பொய் சொன்னார்கள். பொய் பழகிப்போனதும் அவர் வளர்த்த கிளியின் கழுத்தை அவர் கண்முன்னே முறித்தார்கள். சம்பளம் கூடியது, மகள் செலீன் நல்ல சப்பாத்துப் போட்டாள். மனைவி ஐறீனுக்கு மட்டும் ஹியூபேட் ஒரு வாக்குக் கொடுத்திருந்தார்.

"உனக்காக அழுறதை ஒருத்தருக்கும் குடுக்கமாட்டன்."

"அப்பிடியெண்டா நான் முதல்ல போறன், பாப்பம்" என்று அவள் சிரித்தாள்.

எண்பத்தேழில் போயும்விட்டாள். சவப்பெட்டி வீட்டு நடுவில் இருக்க, வெள்ளவத்தையிலிருந்துகூட ஆட்கள் வந்தார்கள். அவர்களைக் குறை சொல்லக்கூடாது; எல்லோரும் கறுப்பில்தான் வந்தார்கள், கொண்டுவந்த கிளாஸை லேஞ்சித் துணியால் மூடியும் வைத்திருந்தார்கள். ஹியூபேட் பல்லைக் கடித்துக்கொண்டு, காய்ந்த கண்ணோடு ஐறீனைப் பார்த்தபடி இருந்தார். நெஞ்சு வெடிக்கிற துக்கம். ஒரு சொட்டும் விடவில்லை.

"மண்டி அடியிலதான் நிக்கும். ஆட்டிப் பாருங்கோ" என்றார் நாகேந்திரம்.

இரண்டு பேர் தோளைப் பிடித்து உலுக்கினார்கள். ஹியூபேட் பல்லை விடவில்லை. மறுபடி உலுக்கினார்கள். வந்தது, கலங்கலாக, கெட்டியாக. எல்லோருக்கும் முன்னால் முழங்காலில் நின்று கிளாஸை நீட்டியது செலீன்.

"முதலாளி என்ட கலியாணத்தை நடத்தித் தாறன் எண்டவர், டடி."

ஹியூபேட் மகளைப் பார்த்தார். பிறகு அவள் கையிலிருந்த கிளாஸைப் பார்த்தார்.

"சரிச்சுப் பிடி, பிள்ளை. நுரை பொங்கிடும்."

அவள் சரித்துப் பிடித்தாள். அதைப்போல் ஒரு பியர் முன்னும் இல்லை, பின்னும் இல்லை என்று குடித்தவர்கள் சொன்னார்கள். பிறகு ஐறீனின் பெட்டியை மூடினார்கள்.