ஒட்டகத்தில் ஏறிய மிளகாய்

ஜனார்த்தன் அண்ணையை நான் மிளகாயால் பழிவாங்கினேன். அதில் எனக்கு இன்றுவரை துளி வருத்தமும் இல்லை.

சகாராப் பாலைவனத்தின் இடைக்கால ஒட்டக வணிகம் பற்றி நாங்கள் சேர்ந்து ஒரு நூல் எழுதினோம். சேர்ந்து என்பது அவருடைய சொல். விட்பி நகரிலிருந்து வேலைக்குப் போய்வரும் ரயிலில் பழைய பயணிகளின் குறிப்புகளை வாசித்து, அத்தியாயம் அத்தியாயமாக எழுதியவள் நான். அண்ணை அவற்றைக் கணினியில் ஏற்றினார். அச்சுக்குப் போகுமுன் அட்டையை அனுப்பிவைத்தார். அதில் அவருடைய பெயர் மட்டும் இருந்தது.

போன் எடுத்துக் கேட்டேன்.

“நன்றிப் பக்கத்தில உம்மட பேர் வருகுதுதானே, சாம்பவி. பிறகென்ன?” என்றார். “கடைசியா ஒருக்கா மெய்ப்புப் பார்த்துத் தாரும்.”

“ஓம் அண்ணை” என்றேன்.

வடக்கேயிருந்து உப்புப் பாளமும் செம்பும் துணியும் போயின, தெற்கேயிருந்து பொன் வந்தது என்று ஓரிடத்தில் எழுதியிருந்தேன். அதன் கீழே ஒரு வரியைச் செருகினேன்: ‘இராச்சாப்பாட்டுக்கென ஒட்டகக்காரர்கள் காய்ந்த செத்தல் மிளகாயும் மூட்டை கட்டிக்கொண்டு போனார்கள்.’ அமெரிக்காவை விட்டு மிளகாய் வெளியே வந்ததே ஐந்நூறு வருடங்களுக்கு முன்னர்தான். எங்கள் ஒட்டகங்கள் நடந்தது அதற்கும் வெகு முன்னால். ஆனால் மிளகாய்த்தூள் இல்லாமலும் உலகம் இருந்தது என்று எங்கள் யாழ்ப்பாணத்து ஆட்களில் யார் நம்புவார்கள்? அண்ணை அந்த வரியைக் கவனிக்காமல் அப்படியே அச்சுக்கு அனுப்பினார்.

ஸ்காபரோ மண்டபத்தில் வெளியீட்டு விழா. குத்துவிளக்கு, முதற்பிரதி, சிறப்புப் பிரதி எல்லாம் முடிந்து அண்ணை ஏற்புரைக்கு எழும்பினார்.

“இதில ஒவ்வொரு வரியும் நான் எழுதினது” என்றார். சனம் கைதட்டியது. நன்றிப் பக்கத்தில் என் பெயர், அட்டைப்படம் வரைந்தவருக்கும் கீழே கிடந்தது.

கேள்வி நேரத்தில் நான் மைக்கை வாங்கினேன்.

“ஒவ்வொரு வரியும் உங்கடையோ அண்ணை?”

“ஓம், அதிலென்ன சந்தேகம்?”

மிளகாய் வரியை உரக்க வாசித்தேன். “கொலம்பஸ் பிறக்க முதல் சகாராவுக்குச் செத்தல் மிளகாய் எப்பிடி வந்தது?”

முன்வரிசையில் இருந்தவர் மங்கையற்கரசி ரீச்சர், ஓய்வுபெற்ற சரித்திர ஆசிரியை. பக்கத்தைப் பிரித்துப் பார்த்தார்.

“யாழ்ப்பாணத்து ஒட்டகமாக்கும்” என்றார்.

மண்டபம் முழுக்கச் சிரித்தது. அண்ணைக்கு வேர்த்துக் கொட்டியது. மானத்தைக் காப்பாற்ற அவருக்கு ஒரு வழிதான் இருந்தது. அந்த வழியைத் திறந்து வைத்திருந்தவளும் நான்தான்.

“உது நான் எழுதேல்லை” என்று மைக்கில் கத்தினார். “உதெல்லாம் எழுதினது உவள் சாம்பவி.”

சிரிப்பு நின்றது.

“எல்லாமோ அண்ணை?” என்று மெதுவாகக் கேட்டேன்.

ரீச்சர் தன் பிரதியை என்னிடம் நீட்டி, “பிள்ளை, கையெழுத்து வையும்” என்றார். நான் உள்பக்கத்தைத் திறக்கவில்லை. அட்டையிலேயே, அண்ணையின் பெயருக்கு மேலே, கொட்டை எழுத்தில் என் பெயரை எழுதிக் கொடுத்தேன்.