ஏழாவது பெயர்

…கோடு போட்டு அடிக்கவில்லை, இந்த மாதமும் அடிக்கவில்லை, ஏழாவது பெயராக அப்படியே கிடக்கிறது, ஜெயகுமார், பக்கத்தில் ஐசியூ என்று வேறு. நோயாளிகளுக்கான ஜெபப் பட்டியலை மடியில் விரித்துக்கொண்டு ஷைலஜா முதல் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். ஐசியூவிலா இருக்கிறார் என் புருஷன், கல்லறைத் தோட்டத்தில் தெற்கு மதிலோரம் கிடக்கிறார், நாலு மாதமாக, மேலே புல்கூட முளைத்துவிட்டது, இந்தச் சபையில் யாருக்குத் தெரியாது? பெட்டிக்குப் பின்னால் நடந்தவர்கள்தானே அத்தனை பேரும். பழைய போதகர் மாற்றலாகிப் போய்ப் புதியவர் வந்து சேராத அந்தப் பத்து நாளுக்குள் அவர் செத்துப்போனார், பக்கத்துச் சபைப் போதகர் வந்துதான் அடக்கம் செய்தார், அதனால் புதியவருக்குத் தெரியாது, சரி, விடலாம், ஆனால் கிறிஸ்துதாஸ் அண்ணன்? சபையின் செயலாளர், குழிக்குள் முதல் பிடி மண் போட்டவர்…

போன மாதம் வாசலில் வழிமறித்துக் கேட்டாளே. "அண்ணே, அவரு பேர இன்னும் வாசிக்காவ, கேட்டீளா?" "அய்யோ, அது பழைய பிரிண்டாக்கும். சாரமில்ல, விடு ஷைலஜா, பேரு ஒண்ணு கூடுதலாக் கெடந்தா கர்த்தருக்குத் தெரியாதா?" சொல்லிக்கொண்டே குடையை விரித்தார், இரண்டு அடி போய்த் திரும்பி, "எல்லாத்துலயும் கர்த்தருக்கு ஒரு நோக்கம் உண்டு, கேட்டியா" என்றார். நோக்கமாம். துக்கம் கேட்க வந்த எல்லாருக்கும் அந்த ஒரு வார்த்தைதான், சாயா குடித்தபடியே, கிளாஸைக் கீழே வைக்காமலே. என்ன நோக்கம் ஆண்டவரே? மே மாத மழையில் கோயிலுக்குள் தண்ணீர் ஏறியபோது மற்ற ஆண்கள் படியில் நின்று போனில் படம் பிடித்துக்கொண்டிருந்தார்கள், இவர்தான் வேட்டியை மடித்துக் கட்டி இடுப்பளவு சாக்கடைத் தண்ணீரில் இறங்கி, உம்முடைய ஆம்ப்ளிஃபயரைத் தலையில் தூக்கி வந்தார், உம்முடையது, எங்களுடையது இல்லை, காலில் ஒரு சின்ன வெட்டு இருந்தது, வந்து காட்டிச் சிரித்தார், எலிக்காய்ச்சல் என்று டாக்டர் சொன்னபோதும் சிரித்தார், ஒன்பதே நாள். அந்த ஆம்ப்ளிஃபயர் பெட்டியை வெயிலில் காய வைத்தார்கள், அது பிழைத்துக்கொண்டது, அதோ பச்சை விளக்கு எரிகிறது. உமக்கு அந்தப் பெட்டிதான் வேண்டியிருந்ததா?

கைப்பையில் பேனா இருந்தது. மாதத்தின் முதல் ஞாயிறு, வாசிக்க இன்றைக்கு அவள் முறை, ஒவ்வொரு பெயருக்கும் சபை முழுவதும் 'கர்த்தாவே, சுகம் தாரும்' என்று சொல்லும். ஒரு கோடு போட்டுவிட்டு எட்டாவதுக்குத் தாவிவிடலாம், ஆனால் அப்படிச் செய்தால் இவர்களுக்கு எவ்வளவு சௌகரியம், ஒருவருக்கும் உறைக்காது. இல்லை, அடிக்கமாட்டேன். உரக்க வாசித்துவிட்டு நிற்பேன், ஒவ்வொரு முகமாகப் பார்ப்பேன், செத்தவனுக்குச் சுகம் கேட்கிற வாய் எப்படித் திறக்கிறது என்று பார்ப்பேன், கிறிஸ்துதாஸ் அண்ணன் தலை கவிழட்டும்… போதகர் கையசைத்தார். எழுந்து போய் மைக் முன்னால் நின்றாள். புருஷன் உயிரோடு இருந்தால் ஓடி வந்து அவள் உயரத்துக்கு அதைத் தாழ்த்தியிருப்பார், "ஒரு சாண் தள்ளி நில்லுட்டீ, இதுக்கு ஒன்ன மாதிரி காது கூடுதலாக்கும், பெருமூச்சு விட்டாக்கூட ரோடு வரைக்கும் கேக்கும்" என்று பழித்திருப்பார்… அவள் தள்ளி நிற்கவில்லை. பொன்னம்மை, முட்டுவலி, கர்த்தாவே, சுகம் தாரும். மஹேஷ், பைக் விபத்து, கர்த்தாவே, சுகம் தாரும். மூன்று, நாலு, ஐந்து, ஆறு.

"ஜெயகுமார்" என்று வாசித்துவிட்டு நிமிர்ந்து பார்த்தாள். எல்லாக் கண்களும் மூடியிருந்தன. ஜெபத்தில் எல்லாரும் கண்ணை மூடுவார்கள் என்பது எப்படி மறந்துபோனது, இத்தனை வருடம் அவளும் மூடிக்கொண்டுதானே இருந்தாள், கிறிஸ்துதாஸ் அண்ணனும் இறுக்கி மூடியிருந்தார். கர்த்தாவே, சுகம் தாரும் என்று முந்நூறு வாய் ஒரே தாளத்தில் சொல்லி ஓய்ந்தது. ஓய்ந்த பிறகு, பிந்திப்போய், நாலு சுவர் ஸ்பீக்கரிலிருந்தும் இன்னொரு குரல் தனியாக வந்தது, கர்த்தாவே, சுகம் தாரும், கெஞ்சுகிற குரல், ஐசியூ கண்ணாடிக்கு வெளியே நின்றபோது இருந்த அதே குரல். கண்கள் ஒவ்வொன்றாகத் திறந்தன. கிறிஸ்துதாஸ் அண்ணன் அவளைப் பார்த்தார். யார் சொன்னது என்று அவளும் ஒரு கணம் தேடினாள், அவள் உதடுதான் இன்னும் அசைந்துகொண்டிருந்தது… அவரை எடுத்துக்கொண்ட உம்மிடமா கேட்டேன் ஆண்டவரே, இன்னுமா கேட்கிறேன்? எட்டாவது பெயரின் மேல் விரல் இருந்தது. அவளால் அதை வாசிக்க முடியவில்லை.