சார்ஜா கோப்பைகள்

அன்று கொல்லைச் சுவரைத் தாண்டிப் போய்க் கோப்பைகளைத் திரும்ப வாங்கி வந்தது உம்மாதான் என்று பதினான்கு வருடமாக நம்பியிருந்தேன். இப்போது அப்படிச் சொல்ல முடியவில்லை. சுவர் நினைவிருக்கிறது. அதன்மேல் காய்ந்த பாசியும், எதிர்ப்பக்கம் அடுத்த வீட்டு நீலா அத்தையின் முகமும் நினைவிருக்கின்றன. நீட்டிய கைகள் யாருடையவை என்பதுதான் தெரியவில்லை.

எட்டாம் வகுப்பு முடித்திருந்தேன். ஏற்காட்டில் விடுதியோடு இருந்த ஒரு பள்ளியின் கையேடு எப்படியோ என்னிடம் வந்திருந்தது. அதில் நூலகத்தின் படம் ஒன்று. படத்துக்குக் கீழே, மாலை ஆறிலிருந்து எட்டுவரை யாரும் பேசக்கூடாது என்று போட்டிருந்தார்கள். அந்த ஒரு வரிக்காகவே அங்கே போக வேண்டும் என்றிருந்தது.

உம்மாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "பேசாம இருக்கறதுக்கா அவ்வளவு தூரம்? இங்க உன்னைய யாரு பேசச் சொன்னா? நீயா வாயத் தொறந்து ரெண்டு நாளாச்சு."

வாப்பா சார்ஜாவிலிருந்து முதுகெலும்பு விலகித் திரும்பி இரண்டு வருடமாகியிருந்தது. காரைக்கால் பெரிய பள்ளிவாசல் தெருவில் ரீசார்ஜ் கடை வைத்திருந்தார். விடுதிக் கட்டணம் எங்களால் ஆகாது. ஒரு கல்வி அறக்கட்டளைக்கு விண்ணப்பித்தேன். எழுத்துத் தேர்வில் தேறிவிட்டேன். வீட்டைப் பார்க்க ஆள் வருவார்கள் என்று கடிதம் வந்தது.

அதில்தான் சிக்கல். வீடு நல்ல காலத்தில் கட்டியது. பச்சை மொசைக் தரை, கண்ணாடி அலமாரி. உள்ளே இருப்பவர்களின் நிலைமை அந்த வீட்டைப் பார்த்தால் தெரியாது. அதனால் வரும் நாளுக்கு முந்தின மாலை, மிக்ஸி, சுவர்க் கடிகாரம், கம்பளம், தங்க விளிம்பு போட்ட பன்னிரண்டு பீங்கான் கோப்பைகள் எல்லாம் சுவர் தாண்டி அடுத்த வீட்டுக்குப் போயின.

நீலா அத்தையின் கணவர் வைத்தியலிங்கம் மாமா கம்பளத்தைத் தோளில் போட்டுக்கொண்டு, "பாய், இன்னைக்கு ஒரு நாள் நானும் சார்ஜா ரிட்டர்ன்தான். யாராவது செண்ட் பாட்டில் கேட்டா உங்க வீட்டுக்கு அனுப்பிடுறேன்" என்றார்.

"உங்களுக்கு எல்லாத்துலயும் கிண்டல். புடிச்சு மெதுவா வைங்க" என்று அத்தை அதட்டினாள். வாப்பாவும் சிரித்தார். நெடுநாளுக்குப் பிறகு.

மறுநாள் சோமசேகரன் என்ற பெரியவர் ஒரு ஃபைலோடு வந்தார். வாப்பா அவரை விசிறிக்குக் கீழே உட்காரவைத்துவிட்டு, எதிரே நாற்காலி நுனியில் உட்கார்ந்தார். சொந்த வீட்டில் அப்படி அவர் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. கைகளை முழங்காலுக்கு நடுவே வைத்துக்கொண்டு, கேட்டதற்கெல்லாம் "ஆமாங்க", "இல்லீங்க" என்றார்.

"உனக்கு எதுக்கும்மா இந்தப் பள்ளிக்கூடம்?" என்று சோமசேகரன் என்னைக் கேட்டார். டாக்டராக வேண்டும் என்று சொல்லத்தான் தயார் செய்திருந்தேன். வாப்பாவின் கைகளைப் பார்த்தேன். எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டேன்.

அடுப்படியில் மூன்று ஸ்டீல் தம்ளர்கள் கழுவி வைக்கப்பட்டிருந்தன. ஒன்று நசுங்கியது. அதற்குப் பிறகு நடந்ததுதான் எனக்குத் தெளிவில்லை. எனக்குத் தெரிந்து அடுத்தது, நான் தட்டை ஏந்தி வருகிறேன். தட்டில் தங்க விளிம்புக் கோப்பைகள்.

சோமசேகரன் ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பார்த்தார். "அருமையா இருக்கே. எங்க வாங்குனீங்க?"

திரைக்குப் பின்னாலிருந்து உம்மாவின் குரல் வந்தது. "சார்ஜாவுல. பன்னெண்டு இருக்கு. இன்னைக்கு வரைக்கும் ஒண்ணுகூட ஒடையல."

அவர் ஃபைலில் ஏதோ எழுதினார். டீயை நிதானமாகக் குடித்தார். அதற்குள் வாப்பா நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்திருந்தார்.

இருபது நாள் கழித்துக் கடிதம் வந்தது. எங்கள் குடும்பச் சூழ்நிலை உதவி வரம்புக்குள் வரவில்லை என்றது. நான் உம்மாவிடம் கத்தினேன். "உங்களாலதான். கோப்பைய எடுத்துட்டு வரலேன்னா கிடைச்சிருக்கும்."

உம்மா அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். முறத்தை நிறுத்தி என்னைப் பார்த்தாள். "சரி, என்னாலதான்னு வச்சுக்க" என்றாள். அதற்குமேல் அந்தப் பேச்சை அவள் எடுத்ததே இல்லை. நான்தான் எடுத்தேன், கோபம் வந்தபோதெல்லாம்.

போன வருடம் உம்மா மவுத்தானாள். அடக்கம் முடிந்த மூன்றாம் நாள் நீலா அத்தை என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். ஏதோ பேச்சில் கோப்பைகள் வந்தன. உம்மாவின் பிடிவாதத்தைச் சொன்னேன். அத்தை திரும்பிப் பார்த்தாள்.

"உங்க உம்மா ஜொஹரா எங்கடி வந்தா? அவ அடுப்படி வாசல்ல நின்னு வேணாம் வேணாம்னு கையக் காட்டிக்கிட்டு இருந்தா. சுவரேறுனது நீ. 'வாப்பா தலையக் குனிஞ்சுக்கிட்டு உக்காந்திருக்காங்க அத்தை, சீக்கிரம் குடுங்க'ன்னு அழுதியே."

அத்தைக்கு இப்போது எழுபது வயது. பல விஷயங்களை மாற்றிச் சொல்கிறாள். ஆனால் என் முழங்காலில் ஒரு பழைய சிராய்ப்புத் தழும்பு இருக்கிறது. அது எப்போது வந்தது என்று எனக்குத் தெரியாது.

வைத்தியலிங்கம் மாமா வேலையிலிருந்து ஓய்வுபெற்று விழிதியூரில் நிலத்தைப் பார்த்துக்கொள்கிறார். அத்தை அங்கும் இங்குமாக இருக்கிறாள். வாப்பா என்னோடு கோவில்பத்தில் இருக்கிறார், கடையை மூடிவிட்டோம். நான் காரைக்காலிலேயே படித்து, ஒரு தனியார் பள்ளியில் நூலகம் பார்க்கிறேன். கோப்பைகளில் பதினொன்று இருக்கின்றன. உம்மா இல்லை. ஏற்காட்டுக்கு நான் இதுவரை போனதில்லை.