கிழிஞ்ச காதுக்கு அரை மணி நேரம்

உச்சி வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தது. விலங்குப் பூங்காவில் ஆப்பிரிக்கக் காட்டுநாய்களைப் பார்த்துக்கொள்கிறவரை எல்லாரும் ‘முணுமுணு’ என்றுதான் கூப்பிடுவார்கள். அன்றைக்கு அவர் முணுமுணுத்ததில் நியாயம் இருந்தது. நாய்களின் குட்டைக்குத் தண்ணீர் ஏற்றும் மோட்டார் செத்து மூன்று நாள். அதைச் சரிசெய்ய வேண்டியவரோ வேறு யாருமல்ல, அவர் மனைவியின் தம்பி.

“மச்சான், நேத்தே வரேன்னியே!” என்று போனில் கத்தினார்.

“வந்துட்டே இருக்கேன் மாமா.”

“எப்படி, தவழ்ந்துக்கிட்டா?”

இணைப்பு அறுந்தது.

வேலிக்குள் ஒன்பது நாய்கள். வட்டக் காது, நாலு நிறப் பெயிண்டையும் கொட்டிவிட்டாற்போல உடம்பு. ஆட்டு ரத்தத்தில் தண்ணீர் கலந்து வாளிகளில் உறையவைத்த ஐஸ் கட்டிகளை முணுமுணு உள்ளே தள்ளியதும் எட்டு நாய்கள் பாய்ந்தன. கிழிஞ்ச காது மட்டும் எழவில்லை. கூட்டத்திலேயே மூத்தவள் அவள்தான். நாக்கு மண்ணைத் தொட இரைத்துக்கொண்டு கிடந்தாள்.

டாக்டரம்மா வேலியோரம் குனிந்து பார்த்தார். “உள்ளே தூக்கிடலாம். ஏசி ரூம்ல ரெண்டு நாள் வச்சா தேறிடுவா.”

“தேறுவா. அப்புறம் திரும்பி எங்க போவா?”

போன கோடையில் இப்படித்தான் ஒரு இளம் நாயை நாலு நாள் ஆஸ்பத்திரியில் வைத்திருந்தார்கள். திருப்பி அனுப்பும் அன்று முணுமுணு, பிறந்த வீட்டுக்குப் போகிற பெண்ணை அனுப்புவதுபோல, அதைச் சோப்புப் போட்டுக் குளிப்பாட்டி அனுப்பினார். மருந்து நாற்றத்தோடு அதன் சொந்த வாசமும் போய்விட்டது. கூட்டத்துக்கு அது யாரோ ஒரு அந்நியன்; எல்லாம் சேர்ந்து பாய்ந்தன. அதற்கு மேல் சொல்ல வேண்டாம். அவரும் யாரிடமும் சொன்னதில்லை.

“அரை மணி நேரம் குடுங்க டாக்டர். அதுங்க கண்ணு முன்னாடியே கிடக்கட்டும்.”

“அதுக்கு மேல ஒரு நிமிஷம் கிடையாது. உயிர் போயிடும்.”

முணுமுணு தூரத்துக் குழாயிலிருந்து வாளி வாளியாகச் சுமந்து வந்து வேலி வழியே ஊற்றினார். மண் குடித்ததே தவிர, அவளை எட்ட இன்னும் மூன்று முழம் பாக்கி. “நகர்ந்து தொலையேன்டி!” என்று கத்தினார். பதினோராவது வாளியில் முதுகு பிடித்துக்கொண்டது. டாக்டரம்மா கடிகாரத்தைப் பார்த்தார்.

அப்போது ஐஸைக் கடித்து முடித்த நாய் ஒன்று கிழிஞ்ச காதிடம் போய், குட்டிக்கு ஊட்டுவதுபோல, அவள் மூக்கருகே தின்றதையெல்லாம் கக்கியது. பின்னாலேயே இன்னொன்று. சிவப்பாய், சில்லென்று. அவள் ஒரு வாய் நக்கினாள். பிறகு இன்னொரு வாய். முன்னங்காலை ஊன்றி, இழுத்து இழுத்து வந்து ஈரச் சேற்றில் விழுந்தாள். பன்னிரண்டாவது வாளி நேராக அவள் முதுகில் இறங்கியது.

இரைப்பு மெல்ல அடங்கியது. டாக்டரம்மா மருந்துப் பையை மூடினார்.

அதன் பிறகுதான் மச்சான் வந்தான், தோளில் துண்டும் வாயில் சிரிப்புமாக. கால் மணி நேரத்தில் மோட்டார் உறுமியது.

“பாத்தீங்களா மாமா, சொன்னா வந்துடுவேன்!”

முணுமுணு குழாய் வாயில் கையை நீட்டி, சுரீரென்று இழுத்துக்கொண்டார். மூன்று நாள் வெயிலில் கிடந்த குழாய். தண்ணீர் கொதித்துக்கொண்டு வந்தது.

“டீத்தூள் போட்டா குடிச்சுடலாம்டா,” என்று சொல்லிவிட்டு, மறுபடி வாளியை எடுத்தார்.